பாசஞ்சரில் போன தாத்தா

மாப்பிள்ளை ஊரில் மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டது. இன்னும் நாள் இருக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்க, பேத்தி யாரையும் கேட்காமல் முன்கூட்டியே வந்துவிட்டாள். காலையில் மாப்பிள்ளை போனில் சொன்ன கையோடு, டைம்டேபிள் நடுக்கூடத்தில் நின்று மார்தட்டினார்.

"முதல்ல தூக்கப்போறது நான்தான். எழுதி வெச்சுக்கோ!"

டைம்டேபிள் என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். எந்த வண்டி எப்போது கிளம்பி எங்கே நிற்கவேண்டும் என்று ரயில்வே ஆபீசில் அட்டவணை போடுவதுதான் மனிதருக்கு வேலை. வீட்டிலும் குளியலறைக்கு ஒன்று போட்டு ஒட்டிப் பார்த்தார். ஒரு ஜீவன் மதிக்கவில்லை. ஆனால் பேத்தி என்றால் ஆள் உருகிவிடுவார். கழுத்தைத் தாங்கிப் பிடிக்கவேண்டுமே என்று தலையணையை மடியில் போட்டு ஒரு மாதமாகப் பழகினார். அந்த முதல் தூக்கலைப் பெண்டாட்டி தட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

பெண்டாட்டி டிரைவிங் ஸ்கூலில் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் பிரேக் எது என்று காட்டியவள்.

"கார் எடுக்கறேன், ஏறுங்க. சேர்ந்தே போயிடலாம்."

"காரா? ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் ரோட்டையே தோண்டிப் போட்டிருக்கான். முன்னால நிக்கிறவன் புகையைக் குடிச்சுக்கிட்டு உட்காரணும். இனிமே எதிர்காலமே ரயில்தான்! இன்னும் கொஞ்ச வருஷத்துல காரையெல்லாம் கண்காட்சியில வெச்சு டிக்கெட் போடுவாங்க, பாரு."

"அந்தக் கண்காட்சிக்கும் நான்தான் உங்களைக் கார்ல கொண்டுபோய் விடணும்."

அதற்குள் மச்சான் போன். அவள் தம்பி.

"மாமா, நான் பிளைட் போட்டுட்டேன். நீங்க செருப்பு மாட்டுறதுக்குள்ள அங்க இருப்பேன்."

"நான் மாட்டறேன்டா. உன்னை அங்க கழட்டச் சொல்லுவான்! செருப்பைக் கழட்டு, பெல்ட்டைக் கழட்டு, கையைத் தூக்கு, பையைத் திற... பறக்கறது கொஞ்ச நேரம், கழட்டறதும் மாட்டறதும் நாள் பூரா!"

போனை வைத்துவிட்டு வெற்றிப் பார்வை பார்த்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரிங்க. நீங்க ரயில்ல வாங்க, நான் கார்ல கிளம்பறேன். யாரு முதல்ல வர்றாங்களோ அவங்க தூக்கட்டும்."

அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷம் பட்டும் மனிதருக்கு அது உறைக்கவில்லை. அவர் ஒரு கால் சாக்ஸோடு இன்னொன்றைத் தேடி அலைந்தபோது அவள் போனில் என்னமோ தட்டிக்கொண்டிருந்தாள். அதையும் கண்டுகொள்ளவில்லை.

"ஸ்டேஷனுக்கு எப்படிப் போவீங்க?"

ஆட்டோ ஏதாவது வருகிறதா என்று வாசலில் எட்டிப் பார்த்தார்.

"ஏறுங்க. இறக்கி விட்டுட்டுப் போறேன்."

இறக்கிவிட்டதோடு, சாப்பாட்டு டப்பாவையும் கையில் திணித்தாள். பாவம், போட்டி என்பதையே மறந்துவிட்டாள் என்று அவருக்கு இரக்கம்கூட வந்தது.

இந்த ஊரில் பாசஞ்சர் மட்டும்தான் நிற்கும். எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஜங்ஷனுக்குத்தான் போகவேண்டும், அதற்கு முன்பதிவும் வேண்டும். அதனால் என்ன? பாசஞ்சர் அவர் பெற்ற பிள்ளை மாதிரி. ஒவ்வொரு நிறுத்தமும் அவர் போட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டு போனது வண்டி. ஜங்ஷனிலும் நின்றது. அதைத் தாண்டியதும் ஓரத் தண்டவாளத்தில் ஒதுங்கி மறுபடி நின்றது. இந்தத் தடவை அசையவே இல்லை.

எதிர் சீட்டில் இருந்தவர் பல் டாக்டர். பொறுமை போய்விட்டது அவருக்கு.

"ஏன் சார் நிக்குது?"

"பின்னால எக்ஸ்பிரஸ் வருது. அதுக்கு வழி விடணும். புது அட்டவணையில அப்படித்தான்."

"எந்தப் புண்ணியவான் சார் போட்டான்? அவன் மட்டும் என் நாற்காலியில வந்து உட்காரட்டும், மயக்க ஊசி போடாமலே பிடுங்கறேன்!"

டைம்டேபிள் தன் ரயில்வே அடையாள அட்டையை மெல்லச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

எக்ஸ்பிரஸ் வந்தது. ஜங்ஷனில் நின்று அப்போதுதான் கிளம்பிய வண்டி, மெதுவாகத்தான் கடந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பகீரென்றது. குளுகுளு பெட்டியில், ஜன்னலோரமாக, பெண்டாட்டி! கையை வேறு ஆட்டினாள். உடனே போனும் அடித்தது.

"என்னங்க, சாப்பிட்டாச்சா?"

"அடிப்பாவி! நீ எப்படி அங்க? கார் எங்க?"

"ஜங்ஷன்ல நிறுத்திட்டேன். அதுக்கு மேல ரோட்டைத் தோண்டியிருக்கான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"டிக்கெட்?"

"நீங்க சாக்ஸ் தேடறப்பவே போட்டாச்சு."

"எக்ஸ்பிரஸ் முந்திக்கும்னு உனக்கு யாரு சொன்னது?"

"நல்லா கேட்டீங்க! தினம் சோத்துல கை வெச்சா இதே கதைதானே? பாசஞ்சரை ஓரம்கட்டினேன், எக்ஸ்பிரஸை விட்டேன், மேலதிகாரி கை குடுத்தாருன்னு..."

"அப்போ நீ காதுலயே வாங்கலையே!"

"வாங்காம எங்க போவேன்? வாயைத்தான் திறக்கல."

"இது அழுகுணி ஆட்டம்! கார்ல வர்றேன்னுதானே சொன்ன?"

"கார்லதானே கிளம்பினேன்? உங்களை இறக்கி விட்டதே அதுலதானே?"

அவள் வண்டி பாலத்தில் ஏறியது, லைன் போனது.

"யாரு சார்?" என்றார் பல் டாக்டர்.

"என் வீட்டுக்காரி."

"கெட்டிக்காரம்மா! நம்மளை மாதிரி முட்டாள்தனமா இதுல ஏறலை பாருங்க."

டைம்டேபிளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. யாரைத் திட்டுவது? வண்டியை நிறுத்தியவனே அவர்தானே. தலையணையைத் தாங்கித் தாங்கிப் பழகிய கை சும்மா மடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரி அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்தபோது, பேத்தி பாட்டியின் மடியில் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மச்சான் இன்னும் வந்து சேரவில்லை. அவன் இறங்கிவிட்டான், அவன் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது. ஏர்போர்ட்டில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"கையைக் கழுவிட்டு வாங்க. கழுத்து, கழுத்து... ம், அப்படித்தான்."

குழந்தை கைக்கு வந்ததும் கோபத்தில் பாதி கரைந்தது. மீதிப் பாதிக்கு ஒரு சமாதானம் தேவைப்பட்டது.

"இருந்தாலும் ஒண்ணு ஒத்துக்கோ. பிளைட் தோத்துச்சு, கார் பாதியில நின்னுச்சு. ஜெயிச்சது ரயில்!"

"யாரு இல்லைன்னா? எதிர்காலம் ரயில்தாங்க. நான் திரும்பிப் போறதுகூட எக்ஸ்பிரஸ்லதான். வீட்டுவரைக்கும் டாக்ஸியும் சொல்லியாச்சு."

இத்தனை வருஷ வாதத்தில் முதல்முறையாக ஜெயித்துவிட்டார். மனிதருக்கு வாயெல்லாம் பல். படுக்கையில் இருந்த மகளைப் பார்த்து, "கேட்டியாம்மா? உங்கம்மா வாயாலயே வந்துடுச்சு!" என்றார்.

பெண்டாட்டி கார் சாவியை எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டாள்.

"நீங்க பாசஞ்சர்ல போய் ஜங்ஷன்ல இறங்கி, காரை ஓட்டிக்கிட்டு வந்துடுங்க."