பிடித்தவர்கள் சோபாவில், பிடிக்காதவர்கள் நாற்காலியில்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் கடையும் நலம். அங்கே உங்கள் நலமும், அக்காவின் முழங்கால் நலமும், பிள்ளைகளின் படிப்பு நலமும் அறிய ஆவல். மேலே நலம் என்று எழுதியது மரியாதைக்காக. உண்மையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உங்கள் தங்கைக்குப் பாம்புக்காது. அதனால்தான் கண்ணாடி வாங்க வந்த ஒரு பெரியவரை "ரெண்டே நிமிஷம்" என்று உட்காரவைத்துவிட்டு, கடையிலிருந்து எழுதுகிறேன்.

டிவியில் செய்தியைத் தவிர வேறு எதையும் நீங்கள் பார்ப்பதில்லை, எனவே 'நெடுவான்' தொடரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு விண்கலம் வீடு திரும்ப வழி தெரியாமல் அண்டம் முழுக்க அலைகிறது. அதில் ஒரு கேப்டன், கலத்தை ஓட்டும் அவர் மனைவி, இன்னும் சிலர். இதை முதல் பாகத்திலிருந்து நானும் உங்கள் தங்கையும் சேர்ந்து பார்க்கிறோம். பிறகு பக்கத்து வீட்டு ஆடிட்டர் சேர்ந்துகொண்டார். மருந்துக்கடைக்காரரும் வந்தார், எல்லாம் தெரிந்ததுபோல் பேசுவதால் அவருக்கு 'அண்டம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எபிசோடு முடிந்ததும் எங்கள் வீட்டில் விவாதம் நடக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்களே என்று நான்தான் ஒரு சட்டம் போட்டேன். எபிசோடு பிடித்தவர்கள் சோபாவில், பிடிக்காதவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும். யாராவது கட்சி மாறும்வரை வாராவாரம் அதே எபிசோடு மேல்தான் வழக்கு, அதே இடம்தான். இத்தனை நாளும் நானும் அவளும் ஒரே கட்சி. வாரம் முழுக்க நான் கடையிலும் அவள் தையல் பள்ளியிலும் கிடந்தாலும், வெள்ளிக்கிழமை அவள் என் பக்கம் என்ற ஒரு நினைப்பு போதும் மச்சான் எனக்கு.

இந்த நிம்மதியில்தான் மாடி வீட்டுக்கு ஒரு பல் டாக்டர் குடிவந்து சேர்ந்தார். தனி ஆள், உயரம். பல்லைக் காட்டுவது அவருக்குத் தொழில் என்பதால் எதற்கெடுத்தாலும் சிரிப்பு. நானே அவரை வரவேற்று, நானே தொடருக்கு அழைத்து, என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அவர் வந்த அன்றைக்கென்று ஒரு எபிசோடு போட்டான் பாருங்கள், அதைப்போல ஒரு உதவாக்கரை எபிசோடு அண்டசராசரத்திலேயே கிடையாது. சண்டை இல்லை, புதுக் கிரகம் இல்லை. எஞ்சின் நின்றுபோய்விட்டது, கேப்டன் அதைச் சரிசெய்யப் போய்விட்டார். அந்த மனைவி துருப்பிடித்த ஒரு ரோபோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாள், பேசுகிறாள், முடிகிறவரை பேசிக்கொண்டே இருக்கிறாள். அது ஒரு வார்த்தை சொல்லவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. இதற்குப் பெயர் விஞ்ஞானக் கதையாம்! முடிந்ததும் நான் எழுந்து, "தொடரோட சரித்திரத்திலேயே படு மட்டம்" என்று அறிவித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆடிட்டர் வந்தார், அண்டம் வந்தார். உங்கள் தங்கை எழுந்திருக்கவே இல்லை. "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். உடனே அந்த டாக்டர், "எனக்கும்தாங்க" என்று பல்லைக் காட்டிக்கொண்டு சோபாவின் மறுகோடியில் சாய்ந்துகொண்டார்.

மச்சான், ஒருவருடைய இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து கண்ணாடி போடுகிறவன் நான். என் சோபாவில் இரண்டு பேருக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று எனக்குத் தெரியாதா? அடுத்த வெள்ளிக்கிழமை நடுவில் ஒரு பெரிய தலையணையைக் கொண்டுபோய் வைத்தேன். டாக்டர் அதை எடுத்து முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார், இதைத்தான் தேடிட்டிருந்தேன்" என்கிறார். நாற்காலிகளைச் சோபாவுக்கு நெருக்கமாகப் போட்டுப் பார்த்தேன்; டிவி மறைக்கிறது என்று அண்டம் சத்தம் போட்டார். சட்டத்தையே எடுத்துவிடலாம் என்றேன். "சட்டம் போட்டவரே மீறலாமா?" என்று ஆடிட்டர் பிடித்துக்கொண்டார். நானே சோபாவுக்கு மாறிவிடலாம்தான். ஆனால் படு மட்டம் என்று ரசிகர் குழுவில் வேறு எழுதித் தொலைத்துவிட்டேன், இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாறுவது? போன வாரம் எழுந்து நின்று அந்த எபிசோடில் உள்ள விஞ்ஞானப் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். நடுவில் உங்கள் தங்கை டீ போடப் போய்விட்டாள். கூடவே டாக்டரும் எழுந்து, "தட்டை நான் எடுத்துட்டு வர்றேன்" என்று பின்னாலேயே போகிறார். என் வீட்டுத் தட்டைத் தூக்க எனக்குக் கையில்லையா? மிச்சப் பிழைகளை ஆடிட்டரிடம் சொல்லி என்ன பிரயோஜனம் சொல்லுங்கள்!

ஆளை நேரிலேயே மடக்கிவிடலாம் என்று, பல் வலி என்று பொய் சொல்லிக்கொண்டு அவருடைய கிளினிக்குக்கே போனேன். கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டுதான் போனேன் மச்சான். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே குழாயும் கம்பியுமாக விட்டுவிட்டார். அப்புறம் எங்கே கேட்பது? "சொத்தை இருக்கு சார். நாளைக்கு சாயங்காலம் வாங்க, ஊசி போட்டு அடைச்சிடலாம்" என்றவர், கையைக் கழுவிக்கொண்டே சொல்கிறார்: "நீங்க இவ்வளவு நேரம் பேசாம இருந்து இன்னிக்குத்தான் பார்க்கிறேன்." இந்தப் பேச்சு அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே மச்சான், வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வர வேண்டும். என் பேச்சு எடுபடவில்லை. அண்ணன் என்ற முறையில் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவள் எதிர்க்கட்சியில் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் நன்றாக இருக்கட்டும். காத்திருந்த பெரியவர் தூங்கிவிட்டார், எழுப்ப வேண்டும்.

தங்கள் ஆதரவை நம்பியிருக்கும்,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மச்சான், புறப்பட வேண்டாம். நேற்றே தபாலில் போட்டிருப்பேன், தபால்தலை வாங்க மறந்ததில் என் மானம் தப்பியது. சாயங்காலம் பல் அடைக்கப் போனவன், ஊசி போடுவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் நேராகக் கேட்டுவிட்டேன், அந்த எபிசோடில் அப்படி என்னதான் பிடித்தது என்று. "எபிசோடா? பாதியிலேயே தூங்கிட்டேன் சார். நாள் முழுக்கக் குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு. பிடிக்கலைன்னு சொன்னா பிளாஸ்டிக் சேர்ல உட்காரணுமே!" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்படியென்றால் அந்தச் சோபாவில் இத்தனை வாரமும் உங்கள் தங்கை மட்டும்தான் தனியாக இருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து, "உனக்கு ஏன் பிடிச்சுது?" என்று குழறிக் குழறிக் கேட்டேன். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள். "அவ சொன்னதை அது முழுசா கேட்டுச்சு. நடுவுல திருத்தலை. அவ்வளவுதான்." அந்த ரோபோவுக்குக் காதுக் கருவி முந்தைய எபிசோடிலேயே பழுதாகிவிட்டது, அது எதையும் கேட்டிருக்கவே முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஊசி போட்ட தாடை மரத்துப்போய்க் கிடந்தது, நாக்கு புரளவில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். தையல் பள்ளிக்கு அவளைத்தான் தலைமை ஆசிரியையாகப் போட்டிருக்கிறார்களாம், போன மாதமே! உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. சொல்ல ஆரம்பித்தபோதெல்லாம் நான் எதையோ விளக்கிக்கொண்டு இருந்தேனாம்.

டாக்டரை விட்டுவிடுங்கள், பாவம், நல்ல மனிதர். இப்போது அந்தத் துருப்பிடித்த ரோபோவை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. காலையில் மரப்பு இறங்கிவிட்டது. காப்பி குடிப்பதற்குள் அவளை இரண்டு முறை திருத்திவிட்டேன். இன்னொரு பல்லுக்கும் ஊசி போடச் சொல்லி டாக்டரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். அந்தப் பல்லுக்கு ஒன்றுமில்லை மச்சான், நன்றாகத்தான் இருக்கிறது.