ராஜாவுக்கு ஒரு பலகை

திரை விலகியாகிவிட்டது. ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். அமைச்சர் குனிந்து வணங்கி, நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ராஜா வாயைத் திறக்கவில்லை.

மேடையின் ஓரத்தில், பக்கத் திரைக்குப் பின்னால், மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டிருந்த முணுமுணு மறுபடியும் என்டர் பொத்தானைத் தட்டினார். ராஜா அவரைத் திரும்பிப் பார்த்தார். முணுமுணு இன்னொரு தடவை தட்டினார்.

முணுமுணு என்பது இதே பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர்; வசனத்தைப் படித்தாலும் எழுதினாலும் அவர் வாயும் கூடவே முணுமுணுக்கும். பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில், தமிழ் வாத்தியார் எழுதிய இதே நாடகத்துக்கு, இதே ஓரத்தில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அப்போது ராஜாவாக நடித்தவன்தான் இப்போதும் ராஜா. அமைச்சரும் அதே அமைச்சர். அன்றைக்கு அவருக்குப் பஞ்சை ஒட்டித் தாடி வைத்தார்கள். இன்றைக்கு உள்ளே நிஜத் தாடியே நரைத்திருந்தது. நரைத்த தாடி போதாது என்று அதன்மேல் பஞ்சையும் ஒட்டிக்கொண்டிருந்தார். மேடையின் பச்சைச் சுவரும், திரையை இழுக்கும்போது கிறீச்சிடும் உருளையும்கூட மாறவில்லை. சாயங்காலம் உள்ளே நுழைந்ததும் அதே சாக்பீஸ் வாசனை முணுமுணுவின் மூக்கில் ஏறியது.

பழைய மாணவர்கள் கூடி இந்த நாடகத்தை மறுபடி போடலாம் என்று முடிவானதுமே ராஜாவின் மனைவி போன் செய்திருந்தார்.

"அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இவருக்கு இப்பெல்லாம் ஞாபகம் தப்புது. நேத்து சொன்னது இன்னைக்கு இல்ல. காதும் மந்தம். நீங்க ஓரத்துலேருந்து கிசுகிசுன்னா கேக்காது. வேணாங்கன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறாரு. பேரப்புள்ளைங்க எல்லாம் பாக்க வர்றாங்க. அதுங்க முன்னாடி இவரு பேந்தப் பேந்த முழிச்சுட்டு நிக்கக் கூடாதுண்ணே."

"நிக்க விடமாட்டேம்மா," என்று முணுமுணு வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவருக்குக் கணினி வேலை. கடை வாசலில் சிவப்பு எழுத்து ஓடுமே, அப்படி ஒரு பலகையை வாங்கி, மேடை விளிம்பில் பூந்தொட்டிகளுக்கு நடுவே, ராஜாவின் பக்கம் பார்த்த மாதிரி வைத்தார். அவர் உட்காரும் ஓரத்திலிருந்து அதன் முதுகு மட்டும்தான் தெரியும். நீளமான கம்பியை அதிலிருந்து மடிக்கணினிக்கு இழுத்தார். ரஸ்ட் என்ற மொழியில் ஒரு நிரல் எழுதினார். என்டரைத் தட்டினால் அடுத்த வசனம் கம்பி வழியாகப் போய்ப் பலகையில் ஓட வேண்டும். கம்பி சாதுவான கம்பி. கொடுத்ததைக் கொண்டுபோகும். மறுமுனையில் வாங்கிக்கொண்டார்களா இல்லையா என்று திரும்பி வந்து சொல்லாது.

வீட்டில் சோதித்தபோது முழு நாடகமும் குதிரை மாதிரி ஓடியது.

இப்போது ஓடவில்லை. சபையில் யாரோ இருமினார்கள்.

"டேய், என்னடா?" என்று அமைச்சர் பஞ்சுத் தாடிக்குள்ளிருந்து பல்லைக் கடித்தார்.

முணுமுணு நிரலைத் திறந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். படித்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் அனுப்பினால் நேரமாகும் என்று, அவற்றை ஒரு பையில் சேர்த்து, பை நிறைந்ததும் மொத்தமாக அனுப்பும்படி எழுதியிருந்தார். கடைக்கு ஒரு சாமானுக்கு ஒரு தடவை ஓடாமல், பை நிறைய வாங்கிக்கொண்டு வருவதைப் போல. அந்தப் பைக்குப் பஃபர் என்று பெயர். வீட்டில் முழு நாடகத்தையும் ஒரே மூச்சில் ஓடவிட்டதால் பை நிறைந்து நிறைந்து போனது. இங்கே ராஜாவின் ஒரு வரி பையின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நிறையாத பையை அனுப்ப வேண்டுமென்றால் 'ஃபிளஷ்' என்று நாம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையைத்தான் காணவில்லை.

"ஃபிளஷ்... ஃபிளஷ் பண்ணல..." என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அந்த இடத்தைத் தேடினார்.

"ஃபிளஷ்," என்றார் ராஜா.

கணீரென்று சொன்னார். அமைச்சர் வெலவெலத்துப் போனார்.

"மன்னா?"

"ஃபிளஷ் பண்ணல."

சபை கொல்லென்று சிரித்தது. அமைச்சர் என்ன செய்வார்? கைகூப்பினார். "மன்னிக்க வேண்டும் மன்னா. இதோ, உடனே பண்ணிவிடுகிறேன்."

முணுமுணுவுக்கு வியர்த்துவிட்டது. நிரலில் எழுத வேண்டியதை அவசரத்தில் வசனம் இருக்கிற பக்கத்தில் அடித்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தார். எப்படியோ பலகைக்கு ஏதோ போகிறது, அதுவரை நிம்மதி. ஃபிளஷைச் சேர்த்து, மாற்றிய நிரலை மறுபடி கட்டும்படி கணினியிடம் சொன்னார். அது கட்டி முடிப்பதற்குள் முதல் வரி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"அமைச்சரே, என் நாட்டில் மழை பெய்ததா?" என்றார் ராஜா.

முணுமுணு தொடையைத் தட்டிக்கொண்டார். அமைச்சர் மழை பெய்யாத கதையை உருக்கமாகச் சொன்னார். அடுத்தது ராஜா. முணுமுணு தெம்பாக என்டரைத் தட்டினார்.

ராஜா பேசவில்லை. கழுத்தைத் திருப்பி இந்தப் பக்கமே முறைத்தார். முணுமுணுவால் அந்த முறைப்பைத் தாங்க முடியவில்லை. குனிந்துகொண்டார். அப்படியானால் கோளாறு ஃபிளஷில் இல்லை, பையிலேயே ஏதோ இருக்கிறது. பையே வேண்டாம். பஃபரைத் தூக்கி எறிந்தார். இனிமேல் அவர் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அந்த நிமிஷமே கம்பியில் போகும். தமிழ் எழுத்துகள் எந்தப் பொத்தானில் ஒளிந்திருக்கின்றன என்று தேடித் தேடி, ஒற்றை விரலால் வசனத்தை அடிக்கத் தொடங்கினார்.

"வ..." என்றார் ராஜா.

அமைச்சர் காத்திருந்தார்.

"வ... ற... வறண்... ட... பூ... பூ..."

"பூமி மன்னா," என்று அமைச்சர் உதவினார்.

"மி," என்றார் ராஜா.

முன்வரிசையில் ஒரு குழந்தை, "தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாதாம்மா?" என்று கேட்டது இங்கே வரைக்கும் கேட்டது. முணுமுணுவின் கைப்பேசி அதிர்ந்தது. ராஜாவின் மனைவி செய்தி அனுப்பியிருந்தார். 'அண்ணே, அவருக்குத் திக்குற பழக்கமே கிடையாது. என்ன பண்றீங்க அவர?'

எழுத்து எழுத்தாகப் போனால் மனுஷன் எழுத்து எழுத்தாகத்தான் பேசுவான். இதைத் தவிர்க்கத்தானே பஃபர் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்? தன்னையே திட்டிக்கொண்டு பஃபரைத் திரும்பக் கொண்டுவந்தார். இந்தத் தடவை சின்ன வரிகளாகப் போட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது. காட்சியின் மீதி முழுவதையும் அள்ளிப் பைக்குள் திணித்தார். விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழாக விறுவிறுவென்று ஓட்டிப் பார்த்துவிட்டு ஃபிளஷ் பண்ணினார்.

ராஜா மடை திறந்துவிட்டார்.

"வறண்ட பூமியைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி உறங்குவேன் அமைச்சரே மன்னா தாங்கள் மனம் தளரக் கூடாது தளராமல் என்ன செய்வது களஞ்சியத்தைத் திறக்கலாம் மன்னா திறந்துவிடுங்கள் அப்படியே ஆகட்டும் மன்னா."

தானே கேட்டு, தானே பதில் சொல்லி, தானே தன்னை வணங்கி முடித்துவிட்டு, மூச்சு வாங்க சிம்மாசனத்தில் சாய்ந்தார். சபையில் விசில் பறந்தது. அமைச்சர் நாலு எட்டில் ஓரத்துக்கு வந்தார்.

"ஏன்டா, என் வசனத்தையும் அவனே பேசிட்டா நான் எதுக்குடா இந்தத் தாடிய ஒட்டிக்கிட்டு நிக்கிறேன்? அரிக்குதுடா."

"பஃபர் பெருசாப் போச்சுடா."

"பெருசோ சின்னதோ, கடைசிக் காட்சியையாவது அவனுக்கு விடு. அது ஒண்ணுதான் அவன் ஆசைப்பட்டது."

கடைசிக் காட்சியில் ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாகப் பேசுவார். அன்றைக்கு அந்த இடத்தில் தமிழ் வாத்தியாரே அழுதார். அந்தப் பேச்சுக்காகத்தான் இந்த வயதில் ராஜா மறுபடி மேடை ஏறினார். இதில் முழித்தால் அவர் வீடு திரும்பி யார் முகத்திலும் விழிக்கமாட்டார்.

முணுமுணு நிதானமாக யோசித்தார். பை அளவாக இருக்கட்டும், வரிக்கு ஒரு ஃபிளஷ் போகட்டும். நாலு வரி எழுதினால் போதும். அப்படியே எழுதி, ஒருமுறை சரிபார்த்து, கடைசிப் பேச்சின் முதல் வரிக்காக விரலைத் தூக்கினார்.

மடிக்கணினி கண்ணை மூடிக்கொண்டது.

பேட்டரி தீர்ந்துவிட்டது. சார்ஜரை மாட்டித்தானே வைத்தோம் என்று குனிந்து பார்த்தார். கம்பி இருட்டுக்குள் எங்கோ போனது. தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டார். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். சபை அடங்கியது.

முணுமுணு முதல் தடவையாக மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

ராஜா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது முறைப்பே இல்லை. பரீட்சை அறையில் பக்கத்து பெஞ்சிலிருந்து, "அடுத்து என்னடா?" என்று கேட்கிற பார்வை. அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தான். சபையின் இரைச்சலில் கிசுகிசுப்பு காதில் விழாது. முணுமுணுவின் வாய் அசைகிற அசைவைப் பார்த்தே வசனத்தைப் பிடித்துவிடுவான். அதற்காகவே கண்ணாடி முன்னால் நின்று இரண்டு பேரும் எத்தனை நாள் பழகினார்கள். எப்படி மறந்து போனோம் என்று முணுமுணுவுக்கு வெட்கமாக இருந்தது.

கண்ணாடியைக் கழற்றினார். வாயை நன்றாக அசைத்து, வரிவரியாகச் சொன்னார். புத்தகம் வேண்டியிருக்கவில்லை. அவருக்கு அது மனப்பாடம்.

"இந்தக் கிரீடம் ஒருநாளும் என் தலைக்குக் கனமாக இருந்ததில்லை," என்றார் ராஜா. "கழற்றிய பிறகு கைக்குத்தான் கனக்கிறது."

குரல் அப்படியே இருந்தது. கொஞ்சம் கரகரப்பு கூடியிருந்தது, அது ராஜாவுக்குப் பொருத்தமாகவும் இருந்தது. ஒரு வரியிலும் தடுக்கவில்லை. திரை கிறீச்சென்று மூடியபோது சபை எழுந்து நின்று கைதட்டியது. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாதா என்று கேட்ட குழந்தைதான் எல்லோருக்கும் முன்னால் மேடை ஏறி ஓடிவந்தது. ராஜாவின் மனைவி முணுமுணுவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

ராஜா வந்து கட்டிக்கொண்டார். ஜிகினா எல்லாம் முணுமுணுவின் சட்டையில் ஒட்டியது.

"மாறவே இல்லடா நீ. அன்னைக்கு மாதிரியே மொத்த நாடகத்தையும் கரை சேத்துட்ட."

"கடைசிப் பேச்சுக்கு மட்டும்தான்டா நான். மத்ததெல்லாம் பலகை. என் புரோகிராம் சொதப்பினதால உன்னத் திக்க வெச்சுட்டேன். மன்னிச்சுக்கோ."

ராஜாவுக்குக் காதில் விழவில்லை. சிரித்துத் தலையை ஆட்டிவிட்டுப் பேரக்குழந்தையின் தலையில் கிரீடத்தை வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் முணுமுணு பூந்தொட்டிகளை நகர்த்திப் பலகையைத் தூக்கப் போனார். கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த விளக்குக்காரர் ஒரு கை கொடுக்க வந்தார்.

"பாத்துப் பிடிங்க. இவ்வளவு நேரம் ஓடியிருக்கு, சூடா இருக்கும்," என்றார் முணுமுணு.

"சூடா? அதுக்கு ஏது சார் கரண்டு? மொத மணி அடிக்கும்போதே அந்தப் பிளக்க எல்லாம் பிடுங்கிட்டு ராஜாவுக்கு லைட்டு மாட்டிட்டேன். பாவம், அவரும் ஆரம்பத்துலேருந்து உங்க வாயத்தான சார் பாத்துட்டிருந்தாரு."