லேபிள்தான் உயிர்

லேபிளைத் திருப்பிப் பார்த்திருக்கவே வேண்டாம். மாயெல் பார்த்துத் தொலைத்தாள். முன்பக்கம் பளபளவென்று 'முழுக்க முழுக்கப் பிரான்சில் தயாரித்தது'. பின்பக்கம் எறும்பு எழுத்தில் 'நெய்தது சீனாவில்'.

"முதலாளி, என்ன இது?"

பூவ்ரோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "லேபிள் மட்டும் மலிவா வந்துச்சும்மா. ஒரு மூட்டை வாங்கிப் போட்டேன்."

"நாட்டுச் சரக்குன்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கேன். நம்ம பிராண்டே அந்த ஒரு வரிதான்!"

பிரான்சில் அங்குலேம் நகரத்துக்குப் பக்கத்தில், வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்புகளைத் தைக்கும் ஆலை அது. பாரிஸ் கடை ஒன்றின் கொள்முதல் அதிகாரி மேடம் சாவினியாக் மதியம் வருகிறார். "ஐம்பதாயிரம் வேணும். லேபிள்தான் எங்களுக்கு உயிர்" என்று போனில் சொல்லியிருந்தார். அந்த ஆர்டர் கைநழுவினால் வெள்ளிக்கிழமையோடு ஆலைக்குப் பூட்டு. மாயெலின் அம்மா யோலாந்த் உட்பட அத்தனை பெண்களும் நடுத்தெருவில். வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் மாயெல். வாங்கி என்ன, படித்தது விளம்பரம்.

"எல்லாத்தையும் வெட்டி எடுங்க! மூட்டையைக் கொதிகலன்ல போடுங்க!" என்று கத்தினார் பூவ்ரோ.

மூட்டை எரிந்தது. வெட்டிய லேபிளோடு கம்பளியும் பிய்ந்து வந்தது. ஒவ்வொரு செருப்பிலும் எலி கடித்தாற்போல் ஓட்டை.

மாயெல் நகர மன்றத்துக்கு ஓடி, ஜூலை மாதத் தேசிய விழாவில் மிஞ்சிய நீலம்-வெள்ளை-சிவப்பு ரிப்பனை அள்ளிக்கொண்டு வந்தாள். ஓட்டை மறைய வேண்டுமென்றால் அதைப் படுக்கப்போட்டுத்தான் தைக்க முடிந்தது. தைத்து முடித்த யோலாந்த் ஒரு செருப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"படிச்சவளே, இந்தக் கோடெல்லாம் நிமிந்து நின்னா பிரான்ஸ் கொடி. சிவப்பு மேல வந்து படுத்துட்டா ஹாலந்து கொடி. இப்ப நாம எந்த நாட்டுச் சரக்குடி?"

"கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பார்த்தா..." என்று இழுத்தார் முதலாளி.

"எப்படிச் சுருக்கினாலும் ஹாலந்துதான். பிரிம்மா!" என்றாள் மாயெல்.

பிரித்ததில் எலி ஓட்டை பூனை ஓட்டையானது. அந்த நேரம் பார்த்து மதியச் சங்கு ஊதியது. அத்தனை கத்தரிக்கோலும் ஒன்றாகக் கீழே இறங்கின.

"எல்லாரும் எங்க போறீங்க? ஆலையே போகப் போகுது!"

"போறது சாப்பிட்டுட்டுப் போகட்டும். இன்னிக்கு முயல் குழம்பு, ஆறிடும்," என்றபடி யோலாந்த் ஏப்ரனைக் கழற்றினாள்.

காலிக் கூடத்தில், பிய்ந்த செருப்புகளுக்கு நடுவே மாயெலும் முதலாளியும் மட்டும் நின்றபோது வாசலில் வேன் வந்து நின்றது. உள்ளே வந்த மேடம் சாவினியாக் செருப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"லேபிள் எங்க?"

மாயெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எரிச்சாச்சு மேடம். அது சீனாவில நெய்தது. கம்பளி பக்கத்து ஊரு, அடித்தோல் அடுத்த தெரு, தையல் எங்கம்மா. இங்க பொய் சொன்னது அந்தத் துண்டுத் துணி ஒண்ணுதான். செருப்பு பிடிச்சா வாங்குங்க, இல்லன்னா கிளம்புங்க."

பூவ்ரோ பொத்தென்று உட்கார்ந்தார். மேடத்தின் முகம் வெளுத்தது.

"எல்லாத்தையுமா எரிச்சீங்க? ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

மாயெல் பதில் சொல்வதற்குள் வேன் டிரைவர் கதவுக்குள் தலையை நீட்டினான்.

"மேடம், வியட்நாம்லேருந்து வந்த செருப்பு ஐம்பதாயிரமும் நம்ம கிடங்குல லேபிள் இல்லாம மொட்டையாக் கிடக்கு. லேபிள் மூட்டை எங்க இருக்குன்னு சொல்லுங்க, ஏத்திடுறேன்!"