பீரோவுக்குள் ஒரு சம்மதம்

இன்று முதல் இந்த வீட்டுக்குள் நாவல் நுழையக் கூடாது என்று நான் உத்தரவு போட்டேன்.

நான் என்றால் அமீர் ஹம்சா. வில்லியனூர் கடைத்தெருவில் குடைக்கடை. சித்திரையில் வெயிலுக்கு, ஐப்பசியில் மழைக்கு, மற்ற மாதங்களில் கவுரவத்துக்கு என்று வருஷம் பூராவும் குடை விற்றுக் காட்டியவன். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த எங்கள் கொம்யூன் நகராட்சியின் மேயரே என் கடைக் குடையைத்தான் பிடித்துக்கொண்டு போவார். வெள்ளைக்காரத் துரையிடம் பேரம் பேசி ஜெயித்த வாய் இது. அந்த வாயால் போட்ட உத்தரவு சொந்த வீட்டில் செல்லாதா என்ன?

என் மனைவி தாஜ் நிஷா என் தாய்மாமன் மகள். உத்தரவைக் கேட்டு அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "சரிங்க மச்சான்" என்றாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

உத்தரவுக்குக் காரணம் ஒரு புத்தகம். பெயர் 'நவரத்தினாம்பாள் அல்லது மீண்டும் வந்த முகூர்த்தம்'. புதுச்சேரிக்குச் சரக்கு ஏற்றப் போகும் வண்டிக்கார மரியதாஸ் எனக்குக் குடைக் கம்பி கொண்டு வருவான், இவளுக்கு நாவல் கொண்டு வருவான். நான் மதியச் சாப்பாட்டில் இருந்தேன். கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு நசீரா. கதை நடந்துகொண்டிருந்தது.

"அந்த நவரத்தினாம்பா புருஷன் இருக்கானே நசீரா, அவனுக்கு யாவாரத்தைத் தவிர வேற பேச்சே கெடையாது. ஒரு நாளு பரண்மேல கெடந்த பழைய கண்ணாடியைத் தொடைக்கிறா. தொடைச்சா, உள்ள அவ கல்யாண நாளு தெரியுது."

"அல்லாவே. மந்திரக் கண்ணாடியா?"

"ஆமா. கால உள்ள வைக்கிறா. திரும்பவும் பதினேழு வயசு. மேளம் கொட்டுறாங்க. அதே மாப்ளை தாலிய எடுத்துட்டு வர்றான்."

"இன்னா பண்ணா?"

"நிறுத்துங்கன்னுட்டா. வாசல்ல ஒருத்தன் புல்லாங்குழல் ஊதிக்கினு நின்னான் பாரு, அவனைக் கட்டிக்கிறேன்னுட்டா."

சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பெருமூச்சு வந்தது. நான் கையில் எடுத்த வஞ்சிர மீன் துண்டை மறுபடி தட்டில் வைத்துவிட்டேன்.

யாவாரத்தைத் தவிர வேறு பேச்சில்லாத புருஷன். எனக்கு அது யாரையோ நினைவூட்டியது. யாரை என்று யோசித்தேன். யோசித்ததும் பசி போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவளிடம் நேராகவே கேட்டேன். பயந்து கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கிற வாத்தியார் மாதிரிக் கேட்டேன்.

"ஏன் தாஜு, உனக்கு அந்த மாதிரி ஒரு கண்ணாடி கெடைச்சா நீ இன்னா பண்ணுவே?"

"நானா?"

"நீதான். மறுபடி நம்ம நிக்காஹ் நாளு. அதே மாப்ளை நான். சம்மதம் சொல்லுவியா?"

"மறுபடி சொல்றதா? நான் மொதல்ல எப்ப சொன்னேன்?"

"சொன்னியே. வக்கீலும் சாட்சியும் திரைகிட்ட வந்து கேட்டாங்களே."

"கேட்டாங்க. நான் சும்மா இருந்தேன்."

அது உண்மை. எங்கள் வழக்கம் அப்படி. நிக்காஹ் அன்று பெண் இருக்கும் அறையின் திரைக்கு வெளியே, பெண் சார்பில் பேசுகிற வக்கீலும் சாட்சிகளும் வந்து நின்று, இன்னார் மகன் இன்னாருக்கு உன்னைக் கட்டிக்கொடுக்கச் சம்மதமா என்று கேட்பார்கள். கன்னிப்பெண் வாய் திறக்க மாட்டாள். மறுக்காமல் மௌனமாக இருந்தால் அதுவே சம்மதம். அன்று சாட்சி நின்றவர் நசீராவின் புருஷன் ஷேக் மைதீன்தான். "பொண்ணு மூச்சு விடலை, சம்மதம்" என்று அவர் பந்தலுக்கு வந்து அறிவித்தபோது நான் பூரித்த பூரிப்பில் பூமாலையே அறுந்துவிட்டது. பதினைந்து வருஷமாக அந்த மௌனத்தை நினைத்து நினைத்துப் பெருமைப்பட்டு வந்தவன் நான்.

"சரி, அப்ப சொல்லலை. இப்ப சொல்லேன்."

"அடுப்புல பால் பொங்குது மச்சான்" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

அடுப்பில் பால் இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

அதன் பிறகுதான் உத்தரவு. ஆனால் நாவலை நிறுத்தினால் கேள்வி நிற்குமா? கடையில் ஒருவர் ஆண் குடை கேட்டால் பெண் குடை எடுத்துக் கொடுத்தேன். தொழுகையில் நின்றால் எவனோ புல்லாங்குழல் ஊதுவது காதில் கேட்டது. எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். மறுபடி கேட்டால் இவள் என்னைக் கட்டிக்கொள்வாளா, மாட்டாளா?

புத்தி உள்ளவன் அழ மாட்டான், வழி கண்டுபிடிப்பான். நான் கண்டுபிடித்தேன்.

புதுச்சேரியில் ஒரு துரை பிரான்சுக்குத் திரும்புகிறார் என்று வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கதவு முழுக்க நிலைக்கண்ணாடி பதித்த ஆளுயர பீரோ ஒன்றை எடுத்து மரியதாஸ் வண்டியில் ஏற்றி வந்தேன். கூடத்தை ஒட்டிய அறையில் நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

"தாஜு, இது சாதாரண கண்ணாடி இல்லை. அந்தத் துரைசாணி வெள்ளிக்கிழமை மத்தியானம் தனியா இது முன்னாடி நின்னு மனசுல இருக்கிறதை வாய்விட்டுப் பேசுவாளாம். பேசினா, பழைய நாளுக்கே கொண்டு போயிடுமாம்."

"யார் சொன்னாங்க?"

"ஏலம் போட்டவன்."

"அவனே இதுக்குள்ள பூந்து அவன் பழைய நாளுக்குப் போயிருக்கலாமே. எதுக்கு ஏலம் போட்டுக்கினு நிக்கிறான்?"

"நம்பிக்கை இருக்கிறவங்களுக்குத்தான் வேலை செய்யும். ஜும்மா முடிஞ்சு நான் நேரா கடைக்குப் போயிடுவேன். வூட்ல யாரும் இருக்க மாட்டாங்க. நின்னு பேசிப் பாரு."

"சரிங்க மச்சான்" என்றாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கடைத்தெருப் பக்கம் நாலு பேர் பார்க்க நடந்தேன். பிறகு சந்து வழியாகத் திரும்பி, கொல்லைக் கதவால் நுழைந்து, அறைக்குள் போய், பீரோவில் ஏறிக் கதவை இழுத்துக்கொண்டேன். இதுவரை எல்லாம் பிரமாதம். ராஜதந்திரம் என்று ஒன்று உண்டே, அது எனக்குக் கடையிலிருந்து வந்தது.

உள்ளே அந்துருண்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. நிமிர்ந்து நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பாதி மடங்கின குடை மாதிரி நின்றேன். கொஞ்ச நேரத்தில் காலடி கேட்டது. தாஜ் நிஷா கண்ணாடி முன்னால் வந்து நின்றாள்.

"கண்ணாடியே" என்றாள்.

காதைக் கதவில் ஒட்டிக்கொண்டேன். சொல்லப் போகிறாள்.

"கொஞ்சம் இரு. நசீராவைக் கூட்டிட்டு வர்றேன்."

நசீரா வந்தாள். அவளோடு நிற்கவில்லை. வெளியே கூடத்தில் ஷேக் மைதீன் கனைக்கிற சத்தம் கேட்டது. "இன்னாம்மா, எதுக்குக் கூப்ட்டே?" என்று மரியதாஸின் குரலும் கேட்டது. அறை வாசலில் திரையை இழுத்துவிடுகிற சத்தம் வந்தது. எனக்கு வேர்க்க ஆரம்பித்தது.

"மாமு" என்றாள் தாஜ் நிஷா, திரைக்கு அப்பாலிருந்த ஷேக் மைதீனிடம். "இந்தக் கண்ணாடி என்னை நிக்காஹ் நாளுக்குக் கொண்டு போயிடுச்சு."

"அப்படியா? எப்படிம்மா இருக்குது அங்க?" ஷேக் மைதீன் குரலில் ஆச்சரியமே இல்லை. பேசி வைத்துக்கொண்டு வந்த ஆளின் குரல் அது.

"எல்லாம் அப்படியே இருக்குது. ஒண்ணுதான் மாறிப் போச்சு. அன்னிக்கு நான் உள்ள இருந்தேன், மாப்ளை வெளியே இருந்தாரு. இப்ப மாப்ளை உள்ள இருக்காரு. அதனால கேள்வி அவருக்கு. நீங்களும் மரியதாசும் சாட்சி. நான் சொல்றதை ஒண்ணொண்ணா கேளுங்க."

"ஏம்மா, சாயபு கடையில இல்ல இருக்காரு?" என்றான் மரியதாஸ்.

"கடையில இருந்தா பதில் வராது. அவ்ளோதானே? கேளுங்க."

ஷேக் மைதீன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அமீர் ஹம்சா அவர்களே, மாசா மாசம் நாவல் இந்த வூட்டுக்கு வரும். உங்களுக்குச் சம்மதமா?"

முடியாது என்று கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கத்தினால் என்ன ஆகும்? குடைக்கடை அமீர் ஹம்சா பெண்டாட்டி பேச்சை ஒட்டுக் கேட்க பீரோவுக்குள் பதுங்கியிருந்தான் என்று மரியதாஸ் வண்டி போகிற ஊரெல்லாம் சொல்லுவான். அது பாகூர் வரைக்கும் போகும் வண்டி.

"மாப்ளை மூச்சு விடலை. சம்மதம்" என்றார் ஷேக் மைதீன்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் தெருப் பொம்பளைங்க எல்லாம் இங்கதான் வந்து கேப்போம்" என்று நசீரா சேர்த்துக்கொண்டாள். "அதையும் கேளுங்க. வர்றவங்களுக்கு நன்னாரி சர்பத்து, மாப்ளை செலவு."

"சம்மதமா? சம்மதம்" என்றார் ஷேக் மைதீன். இந்த முறை அவர் பதிலுக்குக் காத்திருக்கக்கூட இல்லை.

பீரோவுக்குள் பல்லைக் கடித்தேன். என் வீடு, என் சர்பத், என் பீரோ. ஏலத்தில் எடுத்தவனும் நான்.

பிறகு தாஜ் நிஷா பேசினாள். அவள் குரல் மாறியிருந்தது.

"கடைசியா ஒண்ணு மாமு. நான் குடைக்கடைக்காரர் பொண்டாட்டி. ஆனா பதினஞ்சு வருஷமா வெயில்லதான் நடக்கிறேன். மச்சான் குடையைப் பிடிச்சிக்கினு முன்னால போயிடுவாரு, நான் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கினு பின்னாலயே ஓடுவேன். ஒரு நாளு என்னைப் புதுச்சேரிக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போவணும். முன்னால போவக் கூடாது. ஒரே குடையில கூட நடக்கணும். அதுக்குச் சம்மதமான்னு கேளுங்க."

எனக்குக் கண் கலங்கியது. அந்துருண்டை என்று முதலில் நினைத்தேன். இல்லை. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் நிழல் விற்றவன், வீட்டில் ஒருத்தி வெயிலில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த இருட்டுக்குள் எனக்கு வெட்கமாக இருந்தது. புல்லாங்குழல்காரனாவது ஊதினான். நான் என்ன செய்தேன்?

"சம்மதமா?" என்றார் ஷேக் மைதீன்.

"சம்மதம்" என்றேன்.

வாய் தவறித்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. வெளியே மரியதாஸ் "யேசுவே, பீரோ பேசுது" என்றான். நசீரா சிரித்த சிரிப்பு ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும்.

தாஜ் நிஷா பீரோ கதவைத் திறந்தாள். கையில் சர்பத் டம்ளர் இருந்தது. எனக்கென்று முன்கூட்டியே கலந்து வைத்திருக்கிறாள்.

"வேர்த்துப் போச்சா மச்சான்? குடிங்க."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் கீழே காட்டினாள். என் கைலியின் பாதி கதவிடுக்கில் மாட்டி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குக் கீழே, பச்சைக் கட்டம் போட்ட கைலி. நான் ஏறின நிமிஷத்திலிருந்து தொங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரமே கூட்டிக்கொண்டு போனேன். சாட்சி வைத்துக் கொடுத்த சம்மதம், மீற முடியுமா? மரியதாஸ் வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்திருந்தான். மூலக்குளம் தாண்டும்வரை அவன் பீரோவைப் பற்றிப் பேசவில்லை. தாண்டியதும் பேசினான்.

கடற்கரையில் என் கடையின் முதல்தரக் குடையை விரித்தேன். இரண்டு பேரும் ஒரே நிழலில் நடந்தோம். நான் முன்னால் போகவில்லை. எதிரில் வந்த துரைமார்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கடலுக்குள் நீளும் கப்பல் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் அவள் உட்கார்ந்தாள். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

காற்று நன்றாக அடித்தது. இதைவிட நல்ல நேரம் வராது என்று பட்டது. கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"தாஜு, அந்தக் கண்ணாடி நெஜமாவே உன்னைக் கொண்டு போனா, மறுபடி நானே மாப்ளைன்னா, கட்டிக்குவியா?"

பதில் இல்லை.

மறுபடி கேட்டேன். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் தடவையும் கேட்டேன். மௌனம். அன்று திரைக்குப் பின்னால் இருந்த அதே மௌனம். என் உடம்பெல்லாம் புல்லரித்தது. பந்தலில் நின்றபோது பூரித்ததைவிட அதிகமாகப் பூரித்தேன். மாலை இருந்திருந்தால் இன்னொன்று அறுந்திருக்கும்.

"மூச்சு விடலை. அப்ப சம்மதம்தான்" என்று சொல்லிக்கொண்டே ஆசையாகக் குனிந்து பார்த்தேன். துப்பட்டிக்குள், அவள் மடியில், மரியதாஸ் கொண்டு வந்த புது நாவல் நடுப்பக்கத்தில் விரிந்து கிடந்தது.

"இன்னா கேட்டீங்க மச்சான்?" என்றாள், தலையைத் தூக்காமல். "குடையை இந்தப் பக்கம் சாய்ங்க, எழுத்து மேல வெயில் அடிக்குது."