அரைவாசி நாடகமும் அஞ்சரை பஸ்ஸும்

ஒட்டுசுட்டானில் யானைக்குப் பயப்படாதவர் இருக்கலாம். எங்கள் பஸ் நிலைய ரைம்கீப்பருக்குப் பயப்படாதவர் கிடையாது. அந்த ரைம்கீப்பரளவு யானைக்குப் பயந்த இன்னொரு மனுசனையோ, வன்னி முழுக்கத் தேடினாலும் காண ஏலாது. நானே பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் பெயர் எடுத்தவன். அவருக்குப் பக்கத்தில் நின்றால் நான் ஒரு வீரன்.

பஸ் நிலையத்தில் ஒரு சின்னக் கூண்டு, ஒரு மணிக்கூடு, ஒரு விசில். பஸ் வந்த நேரம், போன நேரம் எழுதுவதுதான் வேலை. ஆனால் மாசி பிறந்ததிலிருந்து வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடியும்வரை அவர் பார்த்தது வேறு வேலை. எங்கே கூத்து, எங்கே கச்சேரி, எந்தப் பள்ளிக்கூடத்தில் சித்திரக் கண்காட்சி, எல்லா நோட்டீசும் கூண்டுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். பஸ் நேரம் கேட்க வந்தவனையும் விடமாட்டார்.

"எங்கை, முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கோ? என்ன வருத்தம்?"

"முழங்கால் உளைவு ஐயா."

"அது நாளைக்கும் உளையும். நல்ல வயலின்காரன் ஒருத்தன் கோயிலுக்கு வந்து நிக்கிறான், இண்டைக்கு மட்டும்தான். அங்கை போம்."

அந்த மனுசன் போனார். வயலின் கேட்டார். முழங்கால் சுகமாகவில்லை, ஆனாலும் அடுத்த முறையும் ரைம்கீப்பரிடம்தான் கேட்டார்.

எல்லாம் நல்லதுதான், ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. திரும்பி வரும் வழியில் காட்டு றோட்டு. முன்பொரு பின்னேரம் அதில் யானை ஒன்று அவருடைய சைக்கிளை மிதித்து அப்பளமாக்கியிருந்தது. இவர் பாலை மரத்தில். தேடிப் போனவர்கள் கீழே நின்று ஒரு மணித்தியாலம் கெஞ்சினார்களாம். "யானை போயிட்டுது, இறங்குங்கோ" என்றதற்கு, "போனது எந்த யானை?" என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிற பேச்சே இல்லை. எங்கள் பக்கத்தில் மூன்று மணிக்கு நாடகம் என்றால், மங்கல விளக்கு, பிரதம விருந்தினர் பேச்சு, பொன்னாடை எல்லாம் முடிந்து திரை விலக நாலரை ஆகும். பஸ் அஞ்சரைக்கு. ஐந்து இருபத்தைந்துக்கு விசில் ஊதுவார். ஓம், மண்டபத்துக்குள்ளேதான். ஒட்டுசுட்டான் ஆட்கள் அத்தனை பேரும் எழும்பி வாசலுக்கு நடப்போம். மேடையில் நிற்கிற ராசா வாளைத் தூக்கினபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இதனால் எங்கள் ஊருக்கு எந்தக் கதையின் முடிவும் தெரியாது. கச்சேரிக்கு மங்களம் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாது. தவக்காலத்தில் கடற்கரைக் கோயிலில் பாடுகளின் நாடகம் பார்க்கப் போனோம். கர்த்தரை விசாரித்துக்கொண்டிருந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தோம். நாங்கள் பார்த்த மட்டும் அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. பஸ்ஸில் ஆளுக்கொரு முடிவு சொல்லிக்கொண்டு வருவோம், அதில் சண்டையும் வரும். ரைம்கீப்பருக்கு முதுகுக்குப் பின்னால் அரைவாசியார் என்று பெயர்.

சித்திரக் கண்காட்சி என்றால் மட்டும் அவருக்கு நிம்மதி. "நாங்கள் போகேக்கையே படம் முடிஞ்சிருக்கும் தம்பி," என்பார். அதிலும் கடைசிப் படத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்குவார்.

அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூட ரீச்சர், ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறவ. ஒருநாள் நான் கூண்டடியில் பஸ்ஸுக்கு நிற்க, அவ வந்தா.

"அப்பா, இந்தமுறை எங்கடை நாடகம் தண்ணீரூற்றிலை. நான் வாறது கடைசியிலை."

"முன்னுக்கு வாறமாதிரி மாத்தேலாதோ பிள்ளை?"

"நான் யமன், அப்பா. யமன் முன்னுக்கே வந்தா நாடகம் அதோடை சரி."

அவர் மணிக்கூட்டைத் துடைத்தார்.

"மூண்டு நாடகம் நடிச்சிட்டன், மூண்டிலையும் நீங்கள் விசில் ஊதினாப் பிறகுதான் வந்தனான். ஊரையெல்லாம் பாக்க அனுப்புறீங்கள். நீங்கள் என்னை ஒருக்கா எண்டாலும் மேடையிலை கண்டனீங்களோ?"

துடைத்த மணிக்கூட்டையே மறுபடி துடைத்தார்.

முல்லைத்தீவு றோட்டில் இருக்கிற தண்ணீரூற்று மண்டபத்தில் நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஐந்து இருபத்தைந்து. விசில் வாயில் இருக்கிறது, சத்தம் வரவில்லை. "ஊதுங்கோ ஐயா," என்றேன்.

"தம்பி, எனக்குச் சரியான பயமாக் கிடக்கு," என்றார். "ஆனா இருப்பம்."

போனை எடுத்து, முல்லைத்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த சாரதியிடம் மண்டபத்தடியில் பத்து நிமிடம் நிற்கச் சொன்னார். இரண்டு நிமிடம் பிந்தினாலே டிப்போவுக்கு எழுதி அனுப்புகிற மனுசன் அல்லவா? சாரதி நடுங்கிப்போனார். "ஐயா, என்னைச் சோதிச்சுப் பாக்கிறீங்களோ?" என்று அவர் கத்தினது போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது.

பத்து நிமிடம் முக்கால் மணித்தியாலமானது. வெளியே வெயில் மங்க மங்க அவர் ஒரு கண்ணை மேடையிலும் ஒரு கண்ணை யன்னலிலும் வைத்துக்கொண்டு என் முழங்காலை நெரித்தார். பிறகு யமன் வந்தான். பெரிய மீசை, கையில் பாசக்கயிறு, மண்டபம் அதிர்கிற குரல். முன்னால் இருந்த குழந்தை வீரிட்டு அழுதது. ரைம்கீப்பரும் அழுதார், ஆனால் சிரித்துக்கொண்டு. "என்ரை பிள்ளையோ இது!" என்று என்னையே கேட்டார்.

பஸ் வெளிக்கிட ஆறேகால். காட்டு றோட்டில் ஏறினோம். ரைம்கீப்பரும் நானும் ஒரு பக்கம். மறுபக்கம் யன்னலோரமாக மகள், மீசையைக் கழற்ற நேரமில்லாமல் யமனாகவே இருந்தா. ஒரு வளைவில் சாரதி பஸ்ஸை நிறுத்தினார். மகளின் பக்கம், றோட்டுக் கரையில் யானை. கூட்டத்தை விட்டுப் பிரிந்த தனியன். அதன் மூச்சு எங்களுக்குக் கேட்டது.

ரைம்கீப்பர் எழும்பினார். சீற்றுக்குக் கீழே பதுங்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மெல்லக் குறுக்கே போய், "இஞ்சாலை தள்ளி இரு பிள்ளை," என்று மகளை உள்ளே விட்டுவிட்டு யன்னலோரம் இருந்தார். யானையின் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணை மகளின் முகத்திலேயே வைத்துக்கொண்டு, "நல்லா நடிச்சனி. எனக்கே பயம் வந்திட்டுது," என்றார் கிசுகிசுவென்று.

யானை தன்பாட்டில் நின்றது. அவருடைய தோள் நடுங்குவது இருட்டிலும் தெரிந்தது. பயந்தாங்கொள்ளி நான், எப்படி எழும்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. யானைப் பக்கம் போய் அவருக்குப் பின்சீற்றில் இருந்து, அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டேன். என்னைப் பெத்த தகப்பனைக்கூட நான் அவ்வளவு ஆசையாகப் பிடித்ததில்லை.