பூச்சி தொடாத பயற்றங்காய்

ஓட்டை பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்ச் சந்தைக்கு, காஜா பெராங் பசாருக்கு, வந்து பாருங்கள். ஒரு கத்தரிக்காயை எடுத்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, உருட்டி, காம்பைக் கிள்ளி, முகர்ந்து, நாலு பேர் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிக்கொண்டு, பெண் பிடிக்கவில்லை என்று சொல்ல வந்தவர் மாதிரி மெல்லத் திரும்ப வைப்பார். அவர்தான்.

எங்களுக்கு வாய்த்தவர் மாணிக்கவாசகம். ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. கடுதாசியில் ஒரு புள்ளி தப்பினாலும் பிடித்துவிடுகிற கண். அந்தக் கண்ணில் மாட்டிக்கொண்டவர் பொன்னுதுரை. புக்கிட் ரம்பாயில் பாத்தி போட்டு, சைக்கிளில் காய்கறி கொண்டுவந்து சாக்கு விரித்து விற்பவர்.

"என்னப்பா, பூச்சி தின்ன மிச்சத்தையா எனக்கு விக்கிற? மெர்டேக்கா, சொதந்திரம் கெடச்சு ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் ஓட்டக் கீரதானா?"

கிராணியார் வேண்டாம் என்றால் பின்னால் நிற்கிற பத்துப் பேருக்கும் வேண்டாம். அவர் சொன்ன பிறகு அப்பீல் ஏது? நாலு ஞாயிறு சரக்கு அப்படியே திரும்பிப் போயிற்று. ஐந்தாவது ஞாயிறு பயற்றங்காய் வந்தது பாருங்கள்! மினுமினு என்று, நேராக, ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல். காம்போரம் மட்டும் லேசாக வெள்ளைப் பொடி.

"எறும்புகூடக் கிட்ட வரல, பாத்தீங்களா? அவ்வளவு சுத்தம் லா!" என்று கிராணியார் கூட்டத்துக்கு வியாக்கியானம் செய்தார். எறும்புக்குத் தெரிந்தது கிராணிக்குத் தெரியவில்லை.

வீட்டில் மனைவி ருக்மணி முகர்ந்து பார்த்தாள். "ஏங்க, மருந்து வாட அடிக்குதே. ஊற வச்சு நல்லாக் கழுவிடுறேன்."

"கழுவினா சத்துப் போயிடும். நான் பாத்து வாங்கினது!"

இந்த வழக்கு நடக்கும்போதே ஆறு வயது மகள் விஜயா நாலைந்து காயைப் பச்சையாகக் கடித்துத் தின்றுவிட்டாள். மத்தியானம் வாந்தி, கண் சொருகல். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். காயில் பூச்சி மருந்து என்றார் டாக்டர். குழந்தை பிழைத்தது. கேலி இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிடுகிறது.

அடுத்த ஞாயிறு கிராணியார் பசாரில் சாமியாடினார்.

"மருந்தடிச்சியாடா?"

"அடிச்சேன் கிராணியாரே. ஓட்ட இருந்தா வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒன் வீட்டுல என்ன திங்கிற?"

"ஓட்டயத்தான். மருந்து வெல ஜாஸ்தி, நமக்கு எதுக்கு வீணாக்கணும்னு வீட்டுப் பாத்திக்கு அடிக்கல." பொன்னுதுரை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். "பாப்பாவுக்கு இப்படி ஆகும்னு சத்தியமாத் தெரியாதுங்க."

அதற்கடுத்த வாரம் அவரே வீட்டுப் பாத்திக் கீரையை வாழையிலையில் கட்டிப் பசாருக்கு எடுத்து வந்தார். "மருந்து படாதது. பாப்பாவுக்குக் குடுங்க. காசு வேணாம்."

கிராணியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிய கை சும்மா இருக்குமா? ஓர் இலையை வெயிலுக்கு நேராகத் தூக்கியது. ஓட்டை. அடுத்த இலை. அதிலும் ஓட்டை, விளிம்பில் ஒரு பச்சைப் புழு சாவகாசமாக நெளிந்தது.

கீரைக்கட்டை மெல்லச் சாக்கில் திரும்ப வைத்தார்.

"மருந்தும் படாம, ஓட்டையும் இல்லாம இருந்தா எடுத்து வையேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கடையில் பளபளத்த கத்தரிக்காய் பக்கம் நகர்ந்தார்.

சிரிக்காதீர்கள். இன்று காலை நீங்கள் சீ என்று ஒதுக்கிவிட்டு வந்தீர்களே, அந்தக் காயில் புழு உயிரோடுதானே இருந்தது? பொறுக்கி எடுத்து வந்ததில் ஏன் இல்லை?