பத்து ஸ்டூல் எடுத்தால் அஞ்சு சதவீதம்

கம்ப்யூட்டர் தள்ளுபடி தரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மாப்பிள்ளை மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்து பிளாஸ்டிக் ஸ்டூலுக்கும் முழு விலையைத்தான் அது காட்டியது.

எதிரே நின்ற வழுக்கைத்தலைக்காரர் வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். "பத்து எடுத்தா அஞ்சு சதவீதம்னு போட்டிருக்கீங்களே?"

"இதோ, ஒரு நிமிஷம் சார்."

கடை மாமனாருடையது. நேற்று வரைக்கும் தள்ளுபடி என்பது அவர் வாயில்தான் இருந்தது. வந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு விலை சொல்வார். இப்போது புது சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டு, தள்ளுபடியை அதில் ஏற்றும் வேலையை மருமகன் தலையில் கட்டிவிட்டு, மலிவாகச் சரக்கு தேடி வெளியூர் போயிருக்கிறார். போகிற போக்கில் அவர் சொன்னதுதான் மாப்பிள்ளையின் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் பாக்குறேன். ஒழுங்கா நடத்தினீங்கன்னா கடை உங்களுக்கு. இல்லேன்னா உங்க சகலைக்கு."

சகலைக்குக் கீழே வேலை பார்ப்பதா? அந்த மனுஷன் சிரிக்காமலே கேலி செய்வார்.

கல்லாவில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, 'ஒவ்வொரு பத்துக்கும்'னு ஒரு கட்டம் காலியா இருக்கே. டிக் பண்ணிப் பாருங்க."

டிக் செய்தார். விலை இறங்கியது. மாப்பிள்ளைக்கு உயிர் திரும்பி வந்தது.

வழுக்கைத்தலைக்காரர் ஃபோனை எடுத்து யாரிடமோ பேசினார். "ஆமாங்க, நல்ல ஸ்டூல்தான். நூறா? சரிங்க." மாப்பிள்ளையிடம் திரும்பி, "நூறாப் போட்டுடுங்க" என்றார்.

முதல் வியாபாரமே நூறு! மாப்பிள்ளை உற்சாகமாகத் தட்டினார். சாஃப்ட்வேர் ஒவ்வொரு பத்துக்கும் அஞ்சு அஞ்சாகக் கழித்துக்கொண்டே போய், பாதி விலையில் நின்று, தானாகவே பில்லையும் அடித்துத் துப்பியது.

"சார், இது கம்ப்யூட்டர் செஞ்ச தப்பு..."

வழுக்கைத்தலைக்காரர் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த பலகையை நிதானமாகப் படித்தார். "'பில் போட்ட விலையே விலை. வாக்குவாதம் வேண்டாம்.' இது நீங்க எழுதினதா?"

"மாமனார் எழுதினது."

"விவரமான மனுஷன்" என்று பாராட்டிவிட்டுப் பணத்தை எண்ணி வைத்தார். வாசலில் வேன் வந்து நின்றது. டிரைவர் ஸ்டூல்களை அடுக்கத் தொடங்கினார்.

மாப்பிள்ளை மாமனாருக்கு ஃபோன் போட்டார். லைன் பிஸி. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போட்டார். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"உச்ச வரம்புன்னு ஒரு இடம் இருக்கும் சார். அதுக்கு மேல தள்ளுபடி போகாது."

இருந்தது. நூறு ஸ்டூலோடு நிற்கட்டும் என்று நூறு போட்டார். நின்றதா என்று பார்க்க இருநூறு ஸ்டூல் தட்டினார். மெஷின் மறுபடி பில்லைத் துப்பியது. தொகை, பூஜ்யம்.

"அது ஸ்டூல் கணக்கு இல்ல சார், சதவீதக் கணக்கு. நீங்க நூறு சதவீதம் வரைக்கும் திறந்து விட்டுட்டீங்க" என்றாள் அந்தப் பெண்.

"முதல்லயே சொல்லக்கூடாதாம்மா?"

"நீங்க கேக்கலையே சார்."

அதற்குள் பில் வழுக்கைத்தலைக்காரர் கையில் இருந்தது. "கொடுக்கிறத வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்காது" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுபடியும் ஃபோன். "சும்மாவே கொடுக்கிறாருங்க! ஆளா? பாத்தா அப்பாவியாத் தெரியறாரு. வேற என்ன இருக்குன்னு பாக்கவா?"

மாப்பிள்ளை அவசரமாகத் திரைக்குத் திரும்பினார். தள்ளுபடிப் பட்டியலில் இருந்த ஒரே பொருள் ஸ்டூல். அதை அடித்துத் தூக்கிவிட்டு, 'சேமி'யை அழுத்தினார். ஒழிந்தது சனியன்.

"பக்கெட் இருநூறு, மக் இருநூறு கிடைக்குமா?" என்று கேட்டார் வழுக்கைத்தலைக்காரர்.

மனைவி மாப்பிள்ளையின் காதைக் கடித்தாள். "ஸ்டூல்ல விட்டத பக்கெட்டுல பிடிச்சிடலாங்க. முழு விலை போடுங்க."

மாப்பிள்ளை ஆசையோடு தட்டினார். மெஷின் குஷியாக அடித்தது. பக்கெட், பூஜ்யம். மக், பூஜ்யம்.

காதில் தேன் ஒழுகியது. "சார், ஸ்டூல எடுத்துட்டீங்களா? பட்டியல் காலியா இருந்தா கடையில இருக்கிற எல்லாப் பொருளுக்கும்னு அர்த்தம் சார்."

மாப்பிள்ளை சுவரிலிருந்து வயரையே பிடுங்கி எறிந்தார். பிடுங்கி என்ன பிரயோஜனம்? அடித்த பில் அடித்ததுதான். கோடவுன் துடைத்து வைத்த மாதிரி ஆனது. வேன் புகை விட்டுக்கொண்டு கிளம்பியது. வழுக்கைத்தலைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"அப்பாகிட்ட என்னங்க சொல்றது?" என்று கேட்டாள் மனைவி.

"சகலைய வரச்சொல்லு. சாவியைக் கொடுத்துடறேன்."

மாப்பிள்ளை உட்கார இடம் தேடினார். கடையில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. தரையிலேயே உட்கார்ந்தார். அவமானத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மத்தியானச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிப்போனது. மாமனாரின் லைன் சாயங்காலம் வரை பிஸியாகவே இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அதே வேன் வாசலில் வந்து நின்றது. மாப்பிள்ளை அலறியடித்துக்கொண்டு எழுந்து இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்தார்.

"போதும்பா! எடுத்துட்டுப் போக இனி இங்க ஒண்ணுமே இல்ல!"

டிரைவர் பின்கதவைத் திறந்தபடியே சொன்னார்: "எடுக்க வரல சார், இறக்க வந்திருக்கேன். 'எவனோ ஒரு ஏமாளி கடையத் திறந்து வச்சுட்டு சும்மா அள்ளிக் கொடுக்கிறான், விடாத, அம்புட்டையும் வாங்கி என் கடையில இறக்கிடு'ன்னு இந்தக் கடை முதலாளிதான் காலையிலேருந்து அந்த வழுக்கைத்தலை புரோக்கர ஃபோன்ல விரட்டிட்டு இருந்தாராம்!"